மடக்கு சைக்கிள் வாங்கலாமா?

எங்கள் மையத்துக்கு ஓர் அக்கா வருகிறார். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறார். பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர் வேலை செய்கிறார். "என் கதையை எழுது தம்பி, பெயரை மட்டும் எழுதாதே" என்று சொல்லியிருக்கிறார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து பீன்யாவுக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. 2014 மார்ச் முதல் ஓடுகிறது. அக்கா வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஐந்து நிமிட நடை. பீன்யா இண்டஸ்ட்ரி நிலையத்தில் இறங்குவார். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. நிலையத்திலிருந்து கம்பெனி வாசல் இரண்டரை கிலோமீட்டர் தூரம். நடந்தால் 35 நிமிடம் ஆகும். ஷேர் ஆட்டோவுக்கு 20 ரூபாய். ஆட்டோ நிறைய ஆள் சேரும் வரை நகராது. காலை 9 மணிக்கு மேல் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஒரு மாதத்தில் அப்படி மூன்று முறை போனது.

அக்கா ஒரு கடையில் மடக்கு சைக்கிளைப் பார்த்தார். நடுவில் கீல் வைத்த சைக்கிள் அது. இரண்டாக மடித்துக் கையில் தூக்கிக்கொள்ளலாம். கடைக்காரர், "இது இந்த வருஷம் வந்த புது மாடல். பழசில் இருந்த குறை எல்லாம் சரி செய்திருக்கிறார்கள்" என்றார். விலை 18,500 ரூபாய். அக்காவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். பக்கத்திலேயே பழைய மாடலும் நின்றது. அதன் விலை 14,200.

வீட்டில் பேச்சு நடந்தது.

"வாங்குறதே வாங்குறோம், புதுசாவே வாங்கிடலாமே" என்றார் அண்ணன். அவர் பெயின்ட் வேலை செய்கிறார்.

"என்னங்க, சீட்டுப் பணம் 15,000தான் வரும். ஜூன்ல பாப்பாவுக்குக் காலேஜ் ஃபீஸ் வேற கட்டணும்."

"தவணையில தர்றாங்களாம். மாசம் 1,750. 12 மாசம்."

அக்கா அன்று மாலை நோட்டை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்தார். "தம்பி, இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?" என்றார்.

முதலில் ஆட்டோ. ஒரு நாளைக்கு 40 ரூபாய். மாதம் 26 நாள் வேலை. 40 × 26 = 1,040 ரூபாய். பிறகு தவணை. 1,750 × 12 = 21,000 ரூபாய். சைக்கிள் விலை 18,500. ஆகவே தவணையில் வாங்கினால் 2,500 ரூபாய் கூடுதல். கடையில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

சீட்டுப் பணத்தில் பழைய மாடலை வாங்கினால், மிச்சமாகும் ஆட்டோ காசில் சுமார் 14 மாதத்தில் விலை திரும்பும். புதிய மாடலைத் தவணையில் வாங்கினால் 20 மாதத்துக்கு மேல் ஆகும். ஆனால் காசுக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. புதிய மாடல் உண்மையிலேயே நல்லது என்றால் கூடுதல் காசு கொடுப்பதில் தப்பில்லை.

அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "மடக்கு சைக்கிளே எதுக்கு? சாதா லேடீஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கி பீன்யாவிலேயே வெச்சிடு. வாட்ச்மேன் பார்த்துக்குவார்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அக்கா சிரித்தார். "ராத்திரி சைக்கிள் கம்பெனியில நிக்கும். காலையில நான் ஸ்டேஷன்ல நிப்பேன். எப்படி?" என்றார். சரிதானே? காலையில் சைக்கிள் நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் இரவெல்லாம் அதைத் திறந்த வெளியில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். அதற்கு அக்காவுக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே சாதா சைக்கிளில் போகலாமா என்றால், துமகூரு சாலையில் லாரிகளுக்கு நடுவே போக வேண்டும். அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அக்காவுக்கு மடக்கும் வசதி ஆசைக்காக அல்ல, தேவைக்காகத்தான்.

இந்த மடக்கு சைக்கிள் நேற்று வந்த பொருள் அல்ல. இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து குதித்த பிரிட்டன் படைவீரர்கள் மடக்கு சைக்கிளோடு குதித்தார்கள். அந்தச் சைக்கிளைச் செய்தது பி.எஸ்.ஏ. நிறுவனம். 1975இல் லண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்ற பொறியாளர் சின்னதாக மடங்கும் ஒரு சைக்கிளை வடிவமைக்கத் தொடங்கினார். அவர் அறையின் ஜன்னலிலிருந்து பிராம்ப்டன் தேவாலயம் தெரியும். அந்தப் பெயரையே சைக்கிளுக்கு வைத்தார். பிராம்ப்டன் சைக்கிளின் சக்கரம் 16 அங்குலம். பல ஆண்டுகள் அதே அளவில்தான் செய்தார்கள். 2024இல் 20 அங்குலச் சக்கரம் வைத்த மாடலையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சைக்கிள்கள் நம்மால் வாங்க முடியாத விலை. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம். சின்னச் சக்கரம் சின்னதாக மடங்கும், ஆனால் பள்ளத்தில் தூக்கிப் போடும். பெரிய சக்கரம் பள்ளத்தைத் தாண்டும், ஆனால் மடித்தாலும் இடத்தை அடைக்கும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

அக்கா பார்த்த கடையிலும் இதே கதைதான். பழைய மாடலுக்கு 16 அங்குலச் சக்கரம். புதிய மாடலுக்கு 20 அங்குலம். அதோடு ஏழு கியரும் டிஸ்க் பிரேக்கும் புதிதாக வந்திருந்தன. எடை பழையது 12 கிலோ, புதியது பதினாலரை கிலோ.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு சைக்கிளையும் மடிக்கச் சொல்லி அளந்தார். பழையது நீளம் 26 அங்குலம், உயரம் 23, அகலம் 13. புதியது நீளம் 32, உயரம் 26, அகலம் 14. நோட்டில் எழுதிக்கொண்டார். கடைக்காரர் கொஞ்சம் முகம் சுளித்தார். அக்கா கவலைப்படவில்லை. "துணியை அளக்காம வெட்டுவாங்களா அண்ணா?" என்றார்.

அங்கிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் போனோம். நம்ம மெட்ரோவில் மடக்கு சைக்கிளைக் கொண்டுபோக 2020 முதல் அனுமதி உண்டு. ஆனால் அளவுக்கும் எடைக்கும் வரம்பு இருக்கிறது. இப்படிப்பட்ட விதிகள் மாறக்கூடியவை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே நிலையத்தில் நேரில் கேட்டுவிட வேண்டும். அக்கா நோட்டைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டார். அங்கிருந்த அதிகாரி சின்ன சைக்கிளின் அளவைப் பார்த்து, "இதைக் கொண்டு வாருங்கள், கடைசிப் பெட்டியில் ஏறுங்கள்" என்றார். பெரிய சைக்கிளின் அளவைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "கூட்ட நேரத்தில் கஷ்டம்" என்றார்.

அடுத்து அக்கா செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திங்கட்கிழமை ஒரு பையில் 12 கிலோ அரிசியை நிறுத்துப் போட்டார். அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது. ஆனால் காலையில் அதன் முன் வரிசை நிற்கும். அதனால் படியில் ஏறினார். செவ்வாய்க்கிழமை அதே பையில் பதினாலரை கிலோ போட்டார். மாலையில் மையத்துக்கு வந்து சொன்னார்:

"பன்னெண்டு கிலோவைத் தூக்கிட்டேன் தம்பி. ஒரு தடவை கை மாத்தினேன். இன்னிக்கு ரெண்டரை கிலோதானே கூடன்னு நெனச்சேன். பாதிப் படியில உட்கார்ந்துட்டேன். நாள் பூரா மெஷின்ல உட்கார்ந்த இடுப்பு. தாங்கல."

கம்பெனியில் எல்லோரும் கேலி செய்தார்களாம். "அரிசிக்கு பீன்யா சுத்திக் காட்டுறியா?" என்று கேட்டார்களாம்.

கியரும் பிரேக்கும் பாக்கி இருந்தன. எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கேட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "ரோட்டுல மேடு இருக்காம்மா?" என்பது. "ஒரே ஒரு இடத்துல இருக்கு, அங்க தள்ளிக்கிட்டுப் போயிடுவேன்" என்றார் அக்கா. "அப்ப ஏழு கியர் எதுக்கு? அந்தப் பின் கியர் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். ரயில் கூட்டத்துல இடிபட்டா வளைஞ்சிடும்" என்றார் அவர். டிஸ்க் பிரேக் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொண்டார். "ஆனா அதுக்கான கட்டை என் கடையில இல்லை. ரப்பர் கட்டைன்னா இப்பவே மாத்தித் தருவேன்" என்றார்.

சின்னச் சக்கரம் என்றால் அதிகம் மிதிக்க வேண்டுமே என்று நான் கேட்டேன். அது முழு உண்மை இல்லையாம். மிதிக்கும் இடத்தில் பெரிய பல்சக்கரம் வைத்து அதைச் சரிக்கட்டியிருப்பார்களாம். ஆனால் பள்ளம் பள்ளம்தான். அதற்கு மருந்து இல்லை, மெதுவாகப் போக வேண்டும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "டயர்ல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பார்த்துட்டு வாங்க." இது எல்லோருக்கும் உதவும். டயரின் பக்கவாட்டில் எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 16 × 1.75 என்று ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில் 47-305 என்பதுபோல இன்னொன்று இருக்கும். 47 என்பது டயரின் அகலம். 305 என்பது டயர் உட்காரும் ரிம்மின் குறுக்களவு. இரண்டும் மில்லிமீட்டரில். 16 அங்குல டயர் என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 305ம் உண்டு, 349ம் உண்டு. ஒன்று மற்றதில் உட்காராது. அதேபோல 20 அங்குலத்தில் 406ம் உண்டு, 451ம் உண்டு. சிறுவர் சைக்கிள்கள் பலவற்றில் 305ம் 406ம் வருகின்றன. ஆகவே இந்த எண்கள் இருந்தால் டியூபும் டயரும் எளிதில் கிடைக்கும். அக்கா மறுபடி கடைக்குப் போய்ப் பார்த்தார். பழைய மாடலின் டயரில் 47-305 என்று இருந்தது. அவரே படித்தார். நான் வாயே திறக்கவில்லை.

அக்கா பழைய மாடலை வாங்கினார். சீட்டுப் பணத்தில் மொத்தமாகக் கொடுத்தார். வாங்குவதற்கு முன் பத்து முறை மடித்து விரித்துப் பார்த்தார். நடுக் கீலில் ஒரு கொண்டி இருக்கிறது. ஹேண்டில் தண்டில் ஒன்று இருக்கிறது. இரண்டும் இறுகப் பூட்டிய பிறகு சைக்கிளை ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடவென்று ஆடினால் அந்தச் சைக்கிளை எடுக்கக் கூடாது. ஓடும்போது கொண்டி திறந்தால் ஆள் விழுந்துவிடுவார். இதைத் தினமும் ஏறும் முன் பார்க்க வேண்டும்.

பழைய மாடலில் ஒரு குறை உண்டு. மடித்துத் தூக்கினால் தானாக விரிந்துகொள்ளும். புதியதில் அதைப் பிடித்துக்கொள்ளக் காந்தம் வைத்திருக்கிறார்கள். புதிய மாடலில் எனக்குப் பிடித்த ஒரே மாற்றம் அதுதான். அக்கா கெட்டித் துணியில் பட்டை தைத்து வெல்க்ரோ வைத்துக் கட்டிவிட்டார்.

பில் கேட்டபோது கடைக்காரர் ஒரு துண்டுத் தாளில் விலையை எழுதிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கவில்லை. கடை முத்திரையோடு பில் வேண்டும் என்றார். வாரண்டி அட்டையிலும் தேதி போட்டு முத்திரை வாங்கினார். பெடல் இருக்கும் இடத்துக்கு அடியில் சட்டத்தில் ஓர் எண் குத்தியிருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டார். சைக்கிள் திருட்டுப் போனால் போலீசில் இந்த எண்ணைக் கொடுக்கலாம். பொருளில் குறை இருந்து கடையில் கவனிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதற்கும் பில் கையில் இருப்பது நல்லது.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. அரை நாள் சம்பளம் ஒரு முறைகூடப் போகவில்லை. முன்பைவிட ஒரு ரயில் முன்னதாகப் போகிறார், கடைசிப் பெட்டியில் ஓரமாக நிற்க இடம் வேண்டுமே. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோசமான பள்ளம் இருக்கிறது. அங்கே இறங்கித் தள்ளுகிறார்.

எங்கள் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. மழை நாளை நாங்கள் சேர்க்கவில்லை. மழை பெய்தால் அக்கா சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு ஆட்டோவில்தான் போகிறார். அதனால் மாதம் மிச்சமாவது 1,040 அல்ல, சுமார் 800 ரூபாய். நோட்டில் பழைய கணக்கை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினோம். 14,200ஐ 800ஆல் வகுத்தால் 17 மாதம் தாண்டி, கிட்டத்தட்ட 18 மாதம். புதிய மாடலைத் தவணையில் வாங்கியிருந்தால் 26 மாதத்துக்கும் மேல் ஆகியிருக்கும்.

அண்ணனுக்கு இன்னும் புது மாடல் மீது ஆசை போகவில்லை. "அந்தப் பெரிய சக்கரம் நல்லாத்தான் இருந்தது" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். அவர் வேலைக்கு ரயில் ஏறுவதில்லை, படி ஏறுவதில்லை. அவருக்கு வாங்கினால் அதுவே பொருந்தும்.

பயிற்சி: உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் உள்ள சைக்கிளின் டயரைப் பாருங்கள். அதிலுள்ள இரண்டு வகை எண்களையும் நோட்டில் எழுதுங்கள். பெடலுக்கு அடியில் உள்ள எண்ணையும் எழுதுங்கள். துரு ஏறி மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பாருங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள்.