மோட்டார் புறப்படாதபோது பாட்டரியைச் சோதிக்கும் முறை

செங்கற்பட்டு ஜில்லாவில் முன்னாளில் ஏர்மாடும் கட்டை வண்டியும் செய்துவந்த வேலையிற் பெரும்பகுதியை இப்பொழுது டிராக்டரும் மோட்டார் வண்டியும் செய்கின்றன. மாடு தீனி தின்னாவிடில் அதன் கண்ணையும் மூக்கையும் சாணத்தையும் பார்த்துக் குடியானவர் நோயை ஊகித்தறிவர். மோட்டார் புறப்படாவிட்டாலோ, “பாட்டரி போய்விட்டது” என்று எவரேனும் சொன்ன மாத்திரத்தில் புதியது வாங்கப் பணத்துடன் பட்டணத்துக்குச் சென்றுவிடுகின்றனர். புதியதைப் பூட்டிய சில நாட்களில் பழைய குறையே மீண்டும் தோன்றுவதும் உண்டு. தை மாதத்தில் சம்பா நெல் களத்தில் கிடக்க, அதனை ஏற்றவேண்டிய வண்டி நின்றுவிடுமாயின், பாட்டரியின் விலையோடு ஒருநாள் தாமதமும் நஷ்டமாகும். ஆகவே குறை இருக்குமிடத்தை வரிசையாக அறியும் முறை இங்கே கூறப்படுகிறது.

பாட்டரியின் இயல்பு

மோட்டார்களில் உள்ள ஈயப் பாட்டரியின் மூலவகையை 1859-ம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தவராகிய காஸ்டன் பிளாண்டே என்பவர் கண்டுபிடித்தார். கந்தகத் திராவகமும் நீரும் கலந்த கரைசலில் ஈயத் தகடுகள் நிற்கின்றன. ஓர் அறை ஏறக்குறைய 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பாட்டரி.

இதனை ஓர் ஏரியாகக் கருதினால் விஷயம் எளிதில் விளங்கும். ஏரி நிறைந்திருந்தும் மதகு அடைபட்டிருந்தால் வயலுக்கு நீர் பாயாது. மதகு சரியாயிருந்தும் ஏரி வற்றியிருக்கலாம். வரத்துக்கால் தூர்ந்து ஏரிக்கு நீர் வராமற் போகலாம். வண்டல் மேடிட்டு ஏரியே நீர் கொள்ளாமலும் இருக்கலாம். பாட்டரியின் குறைகளும் இந்நான்கு வகையே. புதிய பாட்டரி வேண்டுவது கடைசி வகைக்கு மாத்திரமே.

விளக்குச் சோதனை

கியரை நடுநிலையில் வைத்து, முன்விளக்கை ஏற்றி, ஸ்டார்ட்டரை இயக்கி, விளக்கைக் கவனிக்கவேண்டும்.

1. விளக்கு முதலிலேயே மங்கி எரிந்து, சாவியைத் திருப்பியதும் மேலும் சிவந்து, “டக் டக்” என்ற ஓசை மட்டும் கேட்டால், பாட்டரி இறங்கியிருக்கக்கூடும்.

2. விளக்கு பிரகாசமாய் எரிந்து, சாவியைத் திருப்பியவுடன் அடியோடு அணைந்தால், முனைகளிலோ கம்பியிலோ தொடர்பு கெட்டிருத்தல் கூடும்.

3. விளக்கு சற்றும் மங்காமல், ஓசையும் எழாவிட்டால், சாவி, ஸ்விட்ச், ஸ்டார்ட்டர் இவற்றைப் பார்க்கவேண்டும்.

4. ஸ்டார்ட்டர் வேகமாய்ச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பாட்டரியின்மேற் குற்றமில்லை. டீசல் வரத்து முதலியவற்றைச் சோதிக்கவேண்டும்.

கடற்கரைக் கிராமங்களில் விசேஷக் குறை

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள ஊர்களில் உப்புக்காற்று இடைவிடாமல் வீசுகின்றது. இக்காற்றும் திராவக ஆவியும் சேர்ந்து, முனைகளைப் பற்றியுள்ள கிளாம்புகளில் வெண்மையாகவும் பச்சையாகவும் களிம்பு பூக்கச் செய்கின்றன. முன்விளக்குகளுக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ நூறு ஆம்பியருக்கு மேலும் வேண்டும். எனவே களிம்பின் வழியே விளக்கு எரியும், ஸ்டார்ட்டர் சுழலாது. விளக்கு எரிவதால் தொடர்பு நன்றாயிருக்கிறதென்று எண்ணுவது பிழை.

களிம்பை நீக்க, எஞ்சினை நிறுத்தி, வண்டியின் உடலோடு இணைந்துள்ள எதிர்முனைக் கிளாம்பை முதலில் கழற்றவேண்டும். நேர்முனையைப் பின்னர்க் கழற்றவேண்டும். சமையற் சோடாவை நீரிற் கரைத்து ஊற்றித் தேய்த்து, நல்ல நீரால் கழுவி, உலர்த்தவேண்டும். சோடாக் கரைசல் அறைகளுள் இறங்கலாகாது. பூட்டும்போது நேர்முனை முதலிலும் எதிர்முனை கடைசியிலும் வரவேண்டும். இறுக்கியபின் வாஸ்லைன் பூசினால் உப்புக்காற்று அணுகாது. வண்டி உடலில் கம்பி சேரும் இடத்தையும் இவ்வாறே துலக்கவேண்டும்.

அளவுச் சோதனை

முனைகள் சுத்தமாயிருந்தும் குறை நீங்காவிடில் வோல்ட் மீட்டரால் அளக்கவேண்டும். இரவு முழுவதும் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்துள்ளது, 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழாயின் பெரும்பாலும் வற்றியது. வற்றியதைச் சார்ஜ் செய்து பூட்டி, எஞ்சின் ஓடும்போது மறுபடியும் அளக்கவேண்டும். அப்பொழுது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை இருத்தல் வேண்டும். அவ்வளவு ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டர், அதன் பெல்ட் ஆகியவற்றிற் குறையுண்டு. இக்குறையிருக்கப் புதிய பாட்டரி வாங்கினாலும் அதுவும் வற்றிவிடும்.

முழுதும் சார்ஜ் ஆன பாட்டரி, ஸ்டார்ட்டரை இயக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தாலும், ஹைட்ரோமீட்டர் ஓர் அறையில் மற்றவற்றினும் 0.050 குறைவாகக் காட்டினாலும், அது பழுதுற்றதென்று கொள்ளலாம். நெடுநாள் வற்றிய நிலையில் விட்டால் தகடுகளில் ஈயக் கந்தகை இறுகிவிடும். ஆகையால் உழவில்லாத மாதங்களிலும் பாட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்துவைத்தல் நலம்.

எச்சரிக்கை

மூடி திறக்கக்கூடிய பாட்டரியில் நீர் குறைந்தால் வாலைநீரையே ஊற்றவேண்டும். கடலோரக் கிணற்று நீரிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு அது கலந்தாலே தீப்பொறியால் வெடிக்கக்கூடும். வாயு கூரையடியில் தங்குமாதலால் கதவு மூடிய கொட்டகையிற் சார்ஜ் செய்யலாகாது. தீக்குச்சி கிழித்து நீர்மட்டம் பார்ப்பதும், இருமுனைகளையும் இரும்பால் தொட்டுப் பொறி பார்ப்பதும் கண்ணை இழக்கச் செய்யும் செயல்களாகும். திராவகம் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி வைத்தியரிடம் செல்லவேண்டும்.

பழுதுற்ற பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது, அப்புகையைச் சுவாசிக்கும் குழந்தைகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும். மண்ணும் கிணறும் கெடும். 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதனை உரிய சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும்; விற்பவரிடமே திருப்பிக் கொடுப்பது எளிய வழி. ஊரில் இவ்வாறு உருக்காதபடி கிராம அதிகாரிகள் கவனித்தல் அவசியம்.

முதலில் மதகு, பின்னர் ஏரி, அதன்பின் வரத்துக்கால் என்னும் வரிசையைக் கடைப்பிடிப்போர், பணம் எடுக்குமுன் ஒரு துணியும் சிறிது சோடாவும் எடுப்பர். பலமுறை அவையே போதுமானவையாகும்.