ஏதென்ஸ் நகரைக் காணல்

நுழையும்முன்

பழம்பெரும் நகரைக் காணச் செல்பவர், அரிய நூலொன்றைக் கற்கப் புகுபவரை ஒத்தவர். எங்குத் தொடங்குவது, எங்கு நின்று நோக்குவது, எதைத் தொடாது விடுவது என்பவற்றை அறிந்து செல்பவருக்கே அந்நகரம் தன்னை முழுமையாகக் காட்டும். மக்களாட்சியின் தொட்டில் எனப் போற்றப்படும் ஏதென்ஸ் நகரைக் காண விழைவோர் அறிய வேண்டியவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பருவமும் பொழுதும்

கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸ், மத்தியதரைக் கடற்பகுதியின் தட்பவெப்பம் கொண்டது. சூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கு வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றின் உச்சியில் நிழல் அரிது. வெப்ப அலை வீசும் நாள்களில் நண்பகல் வேளையில் குன்றுக்குச் செல்லும் வாயிலை அரசு அடைத்துவிடும். ஆதலின் ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே பயணத்திற்கு ஏற்றவை. கோடையில் செல்ல நேரின், வாயில் திறக்கும் காலைப்பொழுதிலேயே ஏறிவிடுதல் நன்று. நகரின் குழாய்நீர் குடிக்கத் தக்கது. ஒரு நீர்க்குடுவை உடனிருந்தால் போதும்.

அக்ரோபொலிசுக்கு நாளொன்றுக்கு 20,000 பேர் என 2023இல் வரம்பு விதிக்கப்பட்டது. குறித்த நேரத்திற்கே நுழைவுச்சீட்டு வழங்கப்படுவதால் முன்பதிவு செய்துகொள்வது இன்றியமையாதது. இந்தியர்கள் ஷெங்கன் நுழைவிசைவைப் பெற்றே செல்ல இயலும்.

வழியும் நடையும்

விமான நிலையத்திலிருந்து நகரின் மையமான சின்டக்மா சதுக்கத்திற்கு மெட்ரோ தொடர்வண்டி நேராகச் செல்கிறது. நிலத்தடிப் பாதைக்காக அகழ்ந்தபோது கிடைத்த தொல்பொருள்கள் சின்டக்மா நிலையத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் மிகுந்த வண்டிகளில் பணப்பையைக் கவனமாகக் காத்துக்கொள்ள வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் பாதைக்கற்கள், எண்ணற்றோர் காலடி பட்டு வழுவழுப்பாகியுள்ளன. உலர்ந்த நாளிலும் அவை வழுக்கும். பிடிப்புள்ள அடிப்பகுதியைக் கொண்ட காலணியே ஏற்றது. கூரிய குதிகாலணிகள் கல்லைச் சிதைக்கும் என்பதால் அவற்றுக்கு அங்கு இடமில்லை. நடக்க இயலாதோருக்கென மின்தூக்கி வசதி உண்டு.

குன்றின்மேல்

அதீனா தெய்வத்திற்குரிய பார்த்தினன் கோயில், பெரிக்கிளீஸ் காலத்தில் கி.மு. 447இல் தொடங்கப்பெற்று, கி.மு. 432இல் சிற்பப் பணிகளும் நிறைவுற்றது. பின்னர் அது தேவாலயமாகவும் பள்ளிவாசலாகவும் விளங்கியது. 1687ஆம் ஆண்டுப் போரில், உதுமானியர் அதனுள் சேமித்திருந்த வெடிமருந்தின்மீது வெனிசியப் படையின் குண்டு விழ, கோயிலின் நடுப்பகுதி சிதறியது.

அண்மைக்காலம் வரை அங்குச் சென்றோர் தூண்களுக்கிடையே சாரங்களைக் கண்டு ஏமாற்றமடைந்ததுண்டு. அச்சாரங்களும் பார்க்கத்தக்கவையாகவே இருந்தன. முற்காலச் சீரமைப்பில் கற்களைப் பிணைக்கப் பயன்படுத்திய இரும்பு துருப்பிடித்துப் பருத்து, கற்களையே பிளந்தது. ஆகவே அதனை நீக்கி டைட்டானியம் பொருத்துகின்றனர். காப்பதற்கெனச் செய்த செயலே அறியாமையால் அழிவுக்கு வழிவகுத்ததை அத்தூண்கள் உணர்த்துகின்றன. வெண்மை மாறாத பளிங்குத் துண்டுகள் புதியன, பழுப்பேறியவை பழையன. இவ்வேறுபாட்டை அறிந்து நோக்கின், கட்டடத்தின் வரலாறு கண்முன் விரியும்.

அருகிலுள்ள எரெக்தியன் கோயிலைத் தாங்கும் ஆறு பெண் சிலைகளும் படிகளே. மூலச்சிலைகளுள் ஐந்து, 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒன்று இலண்டனில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு கொண்டுசென்ற சிற்பங்களைத் திரும்பத் தருமாறு கிரேக்கம் தொடர்ந்து கேட்டு வருகிறது. அவற்றுக்குரிய இடங்களில் சுதைப்படிகளை அருங்காட்சியகத்தார் வைத்துள்ளனர். குன்றைக் கண்டபின் அங்குச் செல்வோருக்கு, இழப்பின் அளவு நன்கு புலப்படும்.

இதனை உணர்ந்தவர் தரையில் கிடக்கும் சிறு கல்லையும் எடுத்துவரத் துணியார். தொல்லிடத்திலிருந்து எதனையும் கொண்டுசெல்வதைச் சட்டமும் தடுக்கிறது. ஒருவர் எடுப்பது ஒரு கல்லே. நாள்தோறும் வரும் ஆயிரக்கணக்கானோரும் அவ்வாறே எண்ணினால் குன்றில் எஞ்சுவது யாது?

சொல்லும் சைகையும்

கிரேக்க மொழியில் 'நே' என்றால் 'ஆம்'. 'ஓஹி' என்றால் 'இல்லை'. 'நே' என்பதை மறுப்பாகக் கருதி மயங்குவோர் பலர். ஐந்து என்னும் எண்ணைக் காட்ட, விரல்களை விரித்து உள்ளங்கையை எதிரிலிருப்பவர் முகத்தை நோக்கி நீட்டுதல் அங்கு இழிவுபடுத்தும் சைகையாகும். 'எஃப்ஹரிஸ்தோ' என நன்றி கூறுபவரை எவரும் முகமலர்ந்து ஏற்பர். இடருற்ற வேளையில் 112 என்னும் எண்ணை அழைக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

சங்க இலக்கியங்களில் வரும் 'யவனர்' என்னும் சொல், கிரேக்கரின் ஒரு பிரிவினரான அயோனியரின் பெயரிலிருந்து தோன்றியது. ஏதென்ஸ் மக்கள் அப்பிரிவைச் சார்ந்தவர்களே.

பினிக்ஸ் மேடை

அக்ரோபொலிசுக்கு மேற்கே பினிக்ஸ் என்னும் சிறுகுன்று உள்ளது. குடிமக்கள் அவை கூடிய இடம் அது. பாறையில் செதுக்கிய மேடையில் நின்று பேசுவோரின் கருத்தைக் கேட்டு, மக்கள் கையுயர்த்தி வாக்களித்தனர். எனினும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலவருக்கும் அவ்வவையில் இடமில்லை. நெரிசல் மிகுந்த அக்ரோபொலிசைக் கண்டபின், மாலைப்பொழுதில் அமைதி தவழும் இம்மேடையருகே சிறிது நேரம் அமர்வது நன்று. மக்களாட்சி தோன்றிய இடத்தையும், அது கடக்க வேண்டியிருந்த தொலைவையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க அதைவிட ஏற்ற இடம் அந்நகரில் இல்லை.