என் பக்கத்துல நண்பன் பேரு

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள். நான் லாகின் பண்ணேன், அடுத்து நண்பன் அவன் லேப்டாப்ல லாகின் பண்ணான். என் பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணா அவன் பேரு, அவன் மார்க்!

லாகின் விவரம் வைக்கிற பீனுக்கு நான் ஸ்கோப் தரல. ஸ்பிரிங்ல அப்படி விட்டா அது சிங்கிள்டன். மொத்த ஆப்புக்கும் ஒரே ஆப்ஜெக்ட், கடைசியா வந்தவர் பேருதான் நிக்கும்.

ஸ்கோப்பை 'செஷன்'னு மாத்தினா ஆப்பே ஸ்டார்ட் ஆகல. கன்ட்ரோலர் சிங்கிள்டன் ஆச்சே! சர்வர் எழும்போதே அதுக்குள்ள பீனை இன்ஜெக்ட் பண்ணணும். அப்போ செஷன் ஏது? அதுக்குத்தான் ப்ராக்ஸி. கன்ட்ரோலர் கையில இருக்கறது நிஜ பீன் இல்ல, ஒரு புரோக்கர். ஒவ்வொரு மெத்தட் காலிலும் யாரோட செஷன்னு பார்த்து, அவங்க பீனிடம் அனுப்பும். ஸ்பிரிங் 4.3-லிருந்து வந்த 'செஷன்ஸ்கோப்' அனோட்டேஷன் போட்டா ப்ராக்ஸியும் சேர்ந்தே வரும்.

டெஸ்ட் பண்ண ஒரே பிரவுசர்ல ரெண்டு டேப் பத்தாது. குக்கீ ஒண்ணுதான், அதனால செஷனும் ஒண்ணுதான். இன்காக்னிட்டோ திறங்க.