ஆமைக் குஞ்சின் ஓடு மென்மையாவது ஏன்?

பெங்களூர் வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் ஆமைக் குஞ்சுகளுட் பல, வட அமெரிக்காவைச் சேர்ந்த சிவப்புக் காது ஆமைகளாகும். கண்ணின் பின்னுள்ள செந்நிறக் கோட்டால் இவற்றை அறியலாம்.

முட்டையினின்று வெளிவந்த குஞ்சின் ஓடு சற்றே வளைவது இயல்பு. வளருந்தோறும் அது கடினமாதல் வேண்டும். அவ்வாறின்றி மென்மையாகவே இருப்பின், சுண்ணாம்புச் சத்துக் குறைவு என ஐயுறலாம். இக்குறை உணவினால் மட்டும் நேர்வதன்று. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலிற் பட்டு 'டி' வைட்டமினை உண்டாக்குகின்றன. அஃதின்றேல் உண்ட சுண்ணாம்பு உடலிற் செவ்வனே சேராது. சாளரக் கண்ணாடியோ இக்கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடும். ஆதலின் தொட்டியைச் சன்னலருகே வைப்பது போதாது. குஞ்சை நாள்தோறும் இளவெயிலில், ஒதுங்க நிழலும் நீரும் அமைத்து, கண்காணிப்புடன் சிறிது நேரம் விடுதல் நலம்.

கண் வீங்கினாலும், நீரில் ஒருபுறம் சாய்ந்து நீந்தினாலும், தாமதியாது கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

ஆமையின் உடலில் நோய்க்குறி ஏதுமின்றியே சால்மொனெல்லா கிருமி தங்கியிருக்கலாம். குழந்தைகளுக்கு இந்நோய் தொற்றியமையால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்க அரசு 1975இல் தடை செய்தது. எனவே தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது.

வளர்க்க இயலாதோர் இவற்றை ஏரியில் விடலாகாது. நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் இவை கவர்ந்துகொள்ளும். இதனை ஆசிரியர்கள் மாணவர்க்கு உணர்த்துவாராக.