எண்ணுவதற்கு முன்: போக்குவரத்துத் தாக்க ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு

ஒரு மனையில் கட்டடம் எழும்பும் முன்பே, அது சாலையில் எத்தனை வண்டிகளைக் கொண்டுவந்து இறக்கும் என்று சொல்வது நம் வேலை. கூட்டல் கழித்தலில் தப்பு செய்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். எந்த நாளில் எண்ணினீர்கள், எங்கே நின்றீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள் என்பதைக் கோப்பைப் புரட்டுபவரால் எளிதில் பிடிக்க முடியாது. இந்தத் தொழிலின் நேர்மை அங்கேதான் இருக்கிறது.

1. பஞ்சாங்கம் பார்த்துக் கணக்கெடுங்கள். சென்னை போரூரில் ஒரு கல்யாண மண்டபம் வரப்போகிறது என்று வையுங்கள். மாதிரிக்கு இன்னொரு மண்டபத்தின் வாசலில் ஆடியிலோ மார்கழியிலோ போய் நின்றால், அது பரம சாதுவாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு நேரத்தில் நில்லுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நெரிசலோடு விருந்தினர் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு காரும் வாசலில் நின்று, பாட்டியையும் குழந்தைகளையும் சீர்த்தட்டையும் இறக்கிவிட்ட பிறகுதான் பார்க்கிங் தேடிப் போகும். தெருவை அடைப்பது அந்த ஒரு நிமிட நிறுத்தம்தான். பள்ளிக்கூடத்துக்கு மே மாதத்தில் எடுத்த கணக்கும், தி.நகர் ஜவுளிக்கடைக்குத் தீபாவளி முடிந்த வாரத்தில் எடுத்த கணக்கும் இதே ரகம்.

2. அமெரிக்காவின் போக்குவரத்துப் பொறியாளர் கழகம் (ஐ.டி.இ.) வெளியிடும் கையேட்டில் பலவகைக் கட்டடங்களுக்கும் பயண விகிதம் கிடைக்கும். அதைத் தூக்கி இங்கே போடாதீர்கள். அதிலுள்ள தரவில் பெரும்பகுதி, காரில்லாமல் போக முடியாத புறநகர்களில் எடுத்தது. பரப்பளவு, பஸ் நிறுத்தத்தின் தூரம், வருகிறவர்களின் வசதி ஆகியவற்றில் ஒத்துப்போகும் இரண்டு மூன்று உள்ளூர்க் கட்டடங்களில் நேராகப் போய் எண்ணுங்கள்.

3. வண்டிகளைக் கார் அளவுக்கு மாற்றும் பி.சி.யு. மதிப்பில் கவனம் வேண்டும். 1990-இல் வந்த, இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 நெறிமுறையில் இரு சக்கர வண்டிக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. மொத்த வண்டிகளில் அதன் பங்கு 5 சதவீதம் என்றால் 0.5, பத்தும் அதற்கு மேலும் என்றால் 0.75. நம் ஊர்ச் சாலைகளில் எது பொருந்தும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் 0.5 போட்ட ரிப்போர்ட்டுகள் வரும். பைக்குகளின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போய்விடும்.

4. அதே நெறிமுறையில், நடுத்தடுப்பு இல்லாத நான்கு தடச் சாலைக்கு மணிக்கு 3000, 2400, 1800 பி.சி.யு. என மூன்று அளவுகள் இருக்கின்றன. அகலம் ஒன்றுதான். ஓரத்தில் வண்டி நிற்காத, கடை வாசல்கள் சாலையில் திறக்காத, குறுக்குப் போக்குவரத்து மிகக் குறைந்த பெரிய சாலைக்குத்தான் 3000. வண்டிகள் நின்று, வாசல்கள் திறந்து, குறுக்கே ஆட்கள் போய்க்கொண்டிருந்தால் 1800. வரைபடத்தில் சாலைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். அது எப்படி நடந்துகொள்கிறது என்று போய்ப் பாருங்கள். நெரிசல் உண்டா இல்லையா என்ற தீர்ப்பே இந்த ஒரு தேர்வில் மாறிவிடும்.

5. கேட்டைப் பாருங்கள். சீட்டுக் கொடுத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கப் பத்து வினாடி ஆனால், ஒரு வழியில் மணிக்கு 360 கார்தான் நுழையும். 400 வந்தால், மணி முடிவில் 40 கார் வெளியே நிற்கும். காருக்கு ஆறு மீட்டர் வைத்தால் 240 மீட்டர் வரிசை. இதற்கு மேம்பாலம் கேட்க வேண்டாம். இன்னொரு நுழைவு வழி திறந்து, கம்பியை உள்ளே தள்ளிப் போட்டால் போதும். பிளான் காகிதத்தில் இருக்கும்போதே சொன்னால் அது ஒரு கோட்டை அழித்துப் போடும் வேலை.

6. நடுத்தடுப்பு உள்ள சாலையில் வெளியே வரும் வண்டி இடப்பக்கம் திரும்பி, அடுத்த யூ டர்னைத் தேடிப் போகும். உங்கள் கட்டடத்தின் பாதிப்பு அந்த யூ டர்னில் தெரியும். வாசலில் மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பாதீர்கள்.

7. வண்டியை எண்ணுவதோடு ஆளையும் எண்ணுங்கள். பி.சி.யு. கணக்கில் ஒரு பஸ் சில கார்களுக்குச் சமம். அதில் வருகிறவர்களோ ஐம்பது அறுபது பேர். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்டபோது அதை ஒட்டி ரயில் நிலையம் இல்லை. மாநகரப் பேருந்து, ஆட்டோ, சொந்த வண்டி என எல்லாமே ஜி.எஸ்.டி. சாலையை நம்பியிருந்தன. வெளியூர் பஸ் எப்படி உள்ளே வரும் என்பது பாதிக் கேள்விதான். பெட்டி படுக்கையோடு பயணி அங்கே எப்படி வந்து சேர்வார் என்பது மீதி.

8. அதே சாலையில் அனுமதி வாங்கிக் காத்திருக்கும் மற்ற கட்டடங்களையும் சேருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே ‘பாதிப்பு சொற்பம்’ என்று எழுதித்தான் ஓ.எம்.ஆர். போன்ற சாலைகள் நிரம்புகின்றன.

9. ‘எதிர்காலத்தில் சாலை அகலப்படுத்தப்படும்’ என்பது பரிகாரம் ஆகாது. யார் செலவில், எந்தத் தேதிக்குள் என்று எழுத முடியாததைப் பரிந்துரையில் சேர்க்காதீர்கள். மனைக்குள்ளேயே செய்யக்கூடியதை, பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கும் முன் முடிக்க வேண்டிய நிபந்தனையாக எழுதுங்கள்.

10. உங்களுக்குச் சம்பளம் தருபவர் புரொமோட்டரின் பணத்தில்தான் தருகிறார். ரிப்போர்ட் பேசுவதோ அந்தச் சாலையில் ஏற்கெனவே போய் வருகிறவர்களைப் பற்றி; அவர்கள் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படுவதில்லை. அதனால் களத் தாள்களை அப்படியே பின்னிணைப்பில் வையுங்கள்: தேதி, கிழமை, மணி, நின்ற இடம், அந்த நாளை ஏன் தேர்ந்தீர்கள் என்ற இரண்டு வரிக் காரணம். ஆட்சேபிக்க நினைப்பவர் அதே இடத்தில், அதே போன்றொரு நாளில் நின்று தானே எண்ணிப் பார்க்கட்டும்.