இரைகிறது என்று மூன்றாம் கம்பியை வெட்ட வேண்டாம்

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டவர்கள் நாம். கிடைத்ததைக் கொண்டு தேவையானதைச் செய்யும் பழக்கம் இன்றும் எம்மை விட்டுப் போகவில்லை. சங்கக் கூட்டத்துக்கும் அறிவித்தலுக்கும் எமது இளைஞர்கள் தாமே அம்பிளிபயர் செய்கிறார்கள். அவர்களுக்கும் அதைப் பாவிக்கும் குடும்பங்களுக்கும் இந்தப் பாடம்.

எமது குழு செய்த முதல் அம்பிளிபயர் ஓயாமல் இரைந்தது. பிளக்கின் மூன்றாம் கம்பியைக் கழற்றினோம், இரைச்சல் நின்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில நாட்களின் பின், மழை ஈரத்தில் வெறுங்காலுடன் நின்று மைக்கைப் பிடித்தவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. அவர் உயிர் தப்பினார். பெட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே உயிர்க்கம்பியின் உறை தேய்ந்து தகட்டில் முட்டியிருந்தது. தகட்டிலிருந்து மைக் வயரின் வலை வழியாக மைக்கின் உடலுக்கு மின் வந்திருக்கிறது. மூன்றாம் கம்பி இருந்திருந்தால் அந்த நொடியே உருகி போயிருக்கும்.

இரைச்சலுக்கு மருந்து வேறு. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. மின்வழங்கி

சிறு மண்டபத்துக்கு ரி.டி.ஏ. 2030 ஏ என்ற ஐசி போதும். 8 ஓம் ஒலிபெருக்கியில் சுமார் 10 வாற்று கிடைக்கும். இதற்கு 12-0-12 வோல்ற்று, 2 அம்பியர் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள்.

ட்ரான்ஸ்போமரில் 12 என்று எழுதியிருந்தாலும், டயோட்டும் கொள்ளளவியும் சேர்ந்தபின் 12 வராது. 12 ஐ 1.4 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 17. டயோட்டில் 1 வோல்ற்று குறையும். ஆனால் பாட்டோ பேச்சோ இல்லாத வேளையில் 18 அல்லது அதற்கு மேலும் ஏறலாம். பழைய 2030 ஐசி 18 வோல்ற்று வரைதான் தாங்கும். 2030 ஏ 22 வரை தாங்கும். எனவே கடையில் அந்த 'ஏ' எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் 4700 மைக்குரோபரட், 35 வோல்ற்று கொள்ளளவி ஒன்று வேண்டும். 1 அம்பியர் இழுக்கும்போது அழுத்தம் சுமார் 2 வோல்ற்று ஏறி இறங்கும். இதை ஐசி சமாளிக்கும். 2200 போட்டால் ஏற்றஇறக்கம் இருமடங்குக்கு மேலாகும். கொள்ளளவி ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், அரை வாற்று தடை வையுங்கள். நிறுத்தியபின் ஒரு நிமிடத்தில் மின் வடிந்துவிடும்.

ஐசியின் உலோக முதுகு எதிர் மின்னோடு தொடுபட்டது. வெப்பத்தகட்டில் பூட்டும்போது இடையே மைக்கா வையுங்கள்.

2. உள்ளே பொதுக்கம்பி

பல வயல்களின் கழிவு நீர் ஒரே வாய்க்காலில் விழுகிறது என்று வையுங்கள். பெரிய வயல் மடையைத் திறந்தால் வாய்க்கால் நிரம்பி, சிறிய வயலுக்குள் நீர் ஏறும். அம்பிளிபயரிலும் இதுதான் நடக்கிறது. கொள்ளளவி நிரம்பும்போது விநாடிக்கு 100 தடவை பெரிய மின்னோட்டம் பாயும். அந்தக் கம்பியிலேயே மைக்கின் பொதுக்கம்பியையும் பிடித்தால், அந்த அதிர்வு மைக்கின் ஒலியோடு சேர்ந்து பெருகி இரையும்.

ஆகவே ட்ரான்ஸ்போமரின் நடுக்கம்பியை இரு கொள்ளளவிகளும் சந்திக்கும் இடத்தில் இணையுங்கள். அங்கிருந்து ஒரேயொரு தடித்த, குறுகிய கம்பியை இன்னொரு புள்ளிக்குக் கொண்டுபோங்கள். ஒலிபெருக்கி, ஐசி, மைக் ஆகியவற்றின் பொதுக்கம்பிகள் தனித்தனியாக அந்தப் புள்ளிக்கே வரட்டும். அங்கிருந்து பெட்டிக்கு ஒரே இணைப்பு. மைக் வயர் வலை போட்டதாகவும் ட்ரான்ஸ்போமருக்குத் தூரமாகவும் இருக்கட்டும்.

3. உயிர் காக்கும் கம்பி

பச்சை-மஞ்சள் கம்பிதான் புவிக்கம்பி. பெட்டியின் வண்ணத்தைச் சுரண்டி, வேறெதற்கும் பாவிக்காத தனி ஆணியில் இறுக்குங்கள். கபிலநிற உயிர்க்கம்பியில் முதலில் 500 மில்லி அம்பியர் மெதுவாக உருகும் உருகி, பின் ஆளி. கம்பி நுழையும் துளைக்கு இறப்பர் வளையம் போடுங்கள். வீட்டின் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்கின்றனவா என்று மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு பாருங்கள். அவை இல்லாத இடத்தில் மைக் பிடிக்க வேண்டாம்.

4. முதல் பரிசோதனை

உயிர்க்கம்பியில் 60 வாற்று இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துப் போடுங்கள். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ பிழை உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள்.

குழுவாகச் செய்ய

உங்கள் மண்டபத்திலுள்ள அம்பிளிபயரின் பிளக்கை இன்றே திறந்து பாருங்கள். மூன்றாம் கம்பி இருக்கிறதா? இல்லையென்றால், அதைப் பூட்டும்வரை அடுத்த கூட்டத்தை வெறும் குரலிலேயே நடத்துங்கள்.