பார்த்தவர் சொன்னதும் ஆக்கியவர் கற்றதும்



உயர்தர வகுப்பிற் படிக்கும் மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதியதன்று. இராச் சாப்பாடு முடிந்ததும் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, "அம்மா, நாங்கள் எடுத்த பாட்டுப் படம், ஒருக்காப் பாருங்கோ" என்று நீட்டுவார்கள். நாலு நிமிடப் படம். பாதியில் அடுப்பிலே பால் பொங்குகிறது. ஓடிப்போய் இறக்கிவைத்துத் திரும்பி வந்து, "நல்லாயிருக்குப் பிள்ளை" என்கிறீர்கள். பிள்ளைக்கும் திருப்தி, உங்களுக்கும் வேலை முடிந்தது.

அந்த "நல்லாயிருக்கு" என்னும் சொல்லைப்பற்றியே இன்றைய பாடம்.

நமது பாடசாலைகளில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உண்டு. அதைப் படிக்கும் பிள்ளைகள் "பின்னூட்டல்" என்ற சொல்லை மனனஞ் செய்திருப்பார்கள். அதன் கதை சுருக்கமானது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளர் குளோட் ஷனன் தொலைபேசிக் கம்பியை மனத்திற்கொண்டு தொடர்பாடலுக்கு ஒரு வரைபடம் வகுத்தார். அனுப்புபவர் ஒரு முனையில், பெறுபவர் மறு முனையில், இடையிலே இரைச்சல். அம்புக்குறி ஒரே பக்கமாகத்தான் போயிற்று. மனிதர் பேசிக்கொள்வது அப்படியல்ல என்று கண்டு, 1954இல் வில்பர் ஷ்ராம் அம்புக்குறியைத் திரும்பிவரச் செய்தார். கேட்பவரின் முகத்தைப் பார்த்தே நாம் அடுத்த சொல்லைத் தெரிகிறோம் அல்லவா? திரும்பிவரும் அந்த அம்புதான் பின்னூட்டல். திருச்சபையும் இதை அறியாததன்று. 1971இல் றோமாபுரியிலிருந்து வெளிவந்த சமூகத் தொடர்பு பற்றிய மேய்ப்புப்பணி ஏடு, பார்ப்பவரும் கேட்பவரும் வாய்மூடி வாங்கிக்கொள்பவராய் இராமல் தம் கருத்தைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியது.

இங்கிலாந்திலே 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், ஓ.சி.ஆர். என்னும் பரீட்சைச் சபையின் ஊடகக் கற்கைப் பாடத்தில் மாணவர் பலர் இசைக் காணொளி ஒன்றைத் தாமே ஆக்கினார்கள். ஆக்கிய பின் நாலு கேள்விகளுக்கு விடை கொடுக்கவேண்டும். அவற்றுள் ஒன்று, பார்வையாளரின் கருத்திலிருந்து நீ கற்றது என்ன என்பது. கேள்வியைக் கவனியுங்கள். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. நீ என்ன கற்றாய் என்றே கேட்டார்கள். பல மாணவர் எத்தனை பேருக்குப் பிடித்தது என்று வட்டப்படம் கீறிக் காட்டிவிட்டு அமைந்துவிடுவது வழக்கம். வட்டப்படத்தில் கற்றல் இல்லை.

இதை விளங்கிக்கொள்ள நம் பக்கத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லுகிறேன். வன்னிக் கரையோரப் பங்கு ஒன்றிலே, ஒரு தவக்காலத்தில், ஐந்து மாணவர் சேர்ந்து வியாகுல மாதாவைப்பற்றிச் சொந்தமாக ஒரு பாட்டு இயற்றினார்கள். தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கக் கேட்டு வளர்ந்த ஊர். புலம்பல் மெட்டு பிள்ளைகளின் காதில் ஊறியிருந்தது. யன்னல்களுக்குப் போர்வை கட்டி, பாடகர் குழுவின் ஆர்மோனியத்தை வைத்து ஒரு அறைக்குள் ஒலிப்பதிவு நடந்தது. இரண்டு கைத்தொலைபேசிகளில் படப்பிடிப்பு. கதை இதுதான். காணாமற்போன மகனைத் தேடி ஒரு தாய் படமும் கையுமாய் அலைகிறாள். கந்தோர் வாசல், கடற்கரை, கோவில் என்று திரிகிறாள். முடிவில் மாதாவின் சுரூபத்திலிருந்து காட்சி மாறி, வீட்டுச் சுவரிலே மகனின் படம். படத்துக்கு மாலை. கீழே எரியும் விளக்கு. பாட்டும் அத்தோடு முடிகிறது.

முதலில் வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பினார்கள். பெருவிரலும் இதயப்படமும் வந்து குவிந்தன. பிள்ளைகளுக்கு நிலங்கொள்ளாத சந்தோசம். பின்பு ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் பங்கு மண்டபத்திலே சனங்களுக்குப் போட்டுக் காட்ட ஒழுங்காயிற்று. பின் வாங்கிலே நானும் இருந்தேன்.

அங்குள்ள மறையாசிரியை அனுபவசாலி. பிள்ளைகளுக்கு மூன்று கட்டளை கொடுத்திருந்தார். படம் எதைப்பற்றியது என்று முன்கூட்டிச் சொல்லக்கூடாது. சனங்கள் கருத்துச் சொல்லும்போது மறுமொழி கூறக்கூடாது. சொன்னதைத் திருத்தாமல், சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதவேண்டும். "பிடிச்சதோ?" என்ற கேள்வியையும் தடுத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் ஒரே மறுமொழிதான் உண்டு. அதற்குப் பதிலாக, "என்ன நடந்ததெண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றும், "எந்த இடத்தில உங்கட மனம் வேற எங்கயும் போனது?" என்றும் கேட்கச் செய்தார். இதில் புதுமை ஒன்றுமில்லை. மட்டக்களப்பிலே கூத்தை அரங்கேற்றுமுன் அடுக்குப் பார்த்தல் என்று வைப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் சுற்றிவர இருந்து, தாளம் பிழைத்த இடத்தையும் சொல் விளங்காத இடத்தையும் கண்டுபிடித்து அண்ணாவியாருக்குச் சொல்லுவார்கள். ஆட்டக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை.

கருத்துக்கள் வரத் தொடங்கின. ஆர்மோனியம் சொல்லை விழுங்குகிறது, பாட்டு ஒன்றும் விளங்கவில்லை என்றார் ஒரு முதியவர். நடுவிலே அம்மாவின் சேலை ஏன் நிறம் மாறியது என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டு நாளில் எடுத்த காட்சிகளை ஒட்டிய இரகசியம் அவளிடம் அகப்பட்டுவிட்டது! கடலைக் காட்டுவது மிக நீளம் என்று இளைஞர் இருவர் சொன்னார்கள். எல்லாம் கொப்பியில் ஏறியது.

அப்பொழுது நடு வாங்கிலிருந்து ஒரு தாய் எழுந்தார். பெயர் வேண்டாம். மெல்லிய குரலில் கேட்டார்:

"பிள்ளையள், பாட்டு வடிவாயிருக்கு. ஆனா அந்தப் படத்துக்கு ஏன் மாலை போட்டனீங்கள்? பொடியன் செத்துப்போனானெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

மண்டபம் அடங்கிப் போயிற்று. ஒரு பையன், "இல்லையம்மா, அது ஒரு மரியாதைக்கு..." என்று தொடங்கினான். ஆசிரியை அவன் தோளிலே கைவைத்தார். பையன் நிறுத்திக்கொண்டான். அந்தத் தாய், "என்ர வீட்டிலயும் ஒரு படம் இருக்குத் தம்பி. 2009இலயிருந்து இருக்கு. மாலை போட ஒருத்தரையும் விடமாட்டன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

வாசகர்களே, பிள்ளைகள் தீங்கு நினைத்தவர்களல்லர். சுவரிலே மாலையிட்ட படம் என்றால் இறந்தவர் படம் என்பது தமிழ் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். சினிமாவிலே ஒரு மரணத்தை ஒரு நொடியிற் சொல்லுவதற்கு அதுவே குறுக்குவழி. அந்த வழியைப் பிள்ளைகள் யோசியாமல் எடுத்தார்கள். ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் வந்தமர்ந்த தாய்மார் பிள்ளைகளின் படங்களை எப்படி ஏந்தியிருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். "எங்கே?" என்று கேட்பதற்காகவே அவர்கள் அந்தப் படங்களை ஏந்தியிருந்தார்கள். அவற்றுக்கு மாலையிடுவது அந்தக் கேள்வியையே மூடிவிடுவதாகும். ஒரு முழப் பூவினால், தமக்குச் சொல்ல உரிமையில்லாத ஒன்றை இந்த மாணவர் சொல்லிவிட்டார்கள்.

ஊடகக் கற்கையில் ஸ்ருவேட் ஹோல் என்ற அறிஞரைப் படிப்பார்கள். யமேக்காவிற் பிறந்து, இங்கிலாந்தின் பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவர். ஆக்குபவர் ஒரு கருத்தைக் குறியாக்கி அனுப்பினாலும், பார்ப்பவர் அதைத் தம் வாழ்க்கையை வைத்தே அவிழ்த்து வாசிக்கிறார் என்று 1973இல் எழுதினார். சிலர் ஆக்கியவர் விரும்பியபடியே வாசிப்பர்; சிலர் பாதி ஏற்றுப் பாதி மாற்றி வாசிப்பர்; சிலர் எதிர்த்து வாசிப்பர். பரீட்சைக்கு இந்த மூன்றையும் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் நமது தாயை எந்த வகையிற் சேர்ப்பது? எதிர்த்து வாசித்தவர் என்று எழுதிவிட்டுப் போவது இலகு. என் எண்ணம் வேறு. அவர் மாலையைச் சரியாகவே வாசித்தார், மண்டபத்திலிருந்த எல்லாரிலும் கூர்மையாக. பிழை வாசித்தவரிடத்தில் இருக்கவில்லை. எழுதினவர்கள்தாம் தாங்கள் எழுதினதை வாசிக்கவில்லை.

மறுநாள் ஐவருக்குள்ளும் வாக்குவாதம். "நாற்பது பேர் பார்த்தவை, ஒராள்தான் குறை சொன்னவ. ஒராளுக்காக முடிவை மாத்திறதோ?" என்றாள் படத்தை நெறிப்படுத்திய மாணவி. நியாயமான கேள்வி. பெரிய வெள்ளிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. திரும்ப எடுப்பதும் சிறிய வேலையல்ல. ஆசிரியை, "பிள்ளை, பாட்டு ஆரைப்பற்றினது?" என்று மட்டும் கேட்டாராம். கருத்துக்களை எண்ணிப் பார்ப்பது ஒன்று, நிறுத்துப் பார்ப்பது வேறொன்று. சேலையின் நிறத்தைப்பற்றி யார் சொன்னாலும் ஒரே நிறை. தேடுகின்ற தாயைப்பற்றித் தேடுகின்ற தாய் சொல்லும்போது நிறை மாறுகிறது.

ஆனால் சொன்னதையெல்லாம் கேட்டு ஆடவேண்டும் என்றும் நினைக்கவேண்டாம். கடற் காட்சி நீளம் என்ற இளைஞரின் கருத்தை அதே மாணவி ஏற்கவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த இடத்திலேதான் தாங்கள் செபித்ததாக மூன்று பெண்கள் சொல்லியிருந்தார்கள். கடல் அப்படியே நின்றது. ஆர்மோனியத்தின் சத்தம் குறைந்தது.

முடிவை என்ன செய்வது? இங்கே மறைக்கல்வி கைகொடுத்தது. மாதாவின் வியாகுலங்கள் ஏழு என்று சிறுவயதில் எண்ணிப் படித்திருக்கிறோம். சிமியோனின் தீர்க்கதரிசனம், எகிப்துக்கு ஓடியது, பாலனைக் காணாமல் தேடியது, சிலுவைப்பாதையில் சந்தித்தது, சிலுவையடியில் நின்றது, திருவுடலை மடியில் ஏந்தியது, கல்லறையில் வைத்தது. மாணவர் தங்கள் தாயை ஏழாம் வியாகுலத்தில் நிறுத்தியிருந்தார்கள், கல்லறை மூடிய இடத்தில். மண்டபத்தில் எழுந்த தாயோ மூன்றாம் வியாகுலத்தில் நிற்கிறார். லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். மாதாவும் சூசையப்பரும் யெருசலேமுக்குத் திரும்பிப்போய்த் தேடி, மூன்றாம் நாளிலே பாலனைக் கண்டடைகிறார்கள். அந்தத் தேட்டத்திலே மாதா பட்ட பாட்டை நாங்கள் செபமாலையிற் சந்தோஷ தேவ இரகசியமாகவே சொல்லி வருகிறோம். கண்டடைந்ததால் அது சந்தோஷமாயிற்று. கண்டடையாதவர்க்கு அது இன்னும் வியாகுலமே.

புதிய முடிவிலே மாலையுமில்லை, விளக்குமில்லை. தாய் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, கடிதங்களோடு பையில் வைத்து, படலையைச் சாத்தாமல் வெளியே போகிறாள்.

இனி வீட்டுக்கு வருவோம். பிள்ளை தொலைபேசியை நீட்டும்போது நீங்கள் என்ன செய்யலாம்? அப்போஸ்தலர் பணியின் பதினெட்டாம் அதிகாரத்தில் அப்பொல்லோ என்ற நாவன்மை மிக்கவர் எபேசு நகர்த் தொழுகைக்கூடத்திலே போதிக்கிறார். போதனையில் ஒரு குறை இருக்கிறது. பிரிஸ்கில்லாவும் அக்கில்லாவும், கணவனும் மனைவியுமாய், அதைக் கவனிக்கிறார்கள். சபை நடுவில் எழுந்து அவரை வெட்கப்படுத்தவில்லை. நல்ல பேச்சு என்று கைகுலுக்கிவிட்டுப் போகவுமில்லை. தங்களிடம் அழைத்துச் சென்று விளக்கிச் சொல்லுகிறார்கள். ஒரு குடும்பம் கொடுத்த பின்னூட்டல் அது. முதலில் அவர்கள் முழுவதையும் கேட்டார்கள் என்பதை மறவாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள். பார்த்தபின், கண்டதை உங்கள் சொல்லிலே திருப்பிச் சொல்லுங்கள். பிள்ளை நினைத்ததும் நீங்கள் கண்டதும் வேறுபடும் இடத்தில் அவனுடைய முகமே மாறும். அங்கேயிருந்து பேசலாம்.

யூரியூப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பிள்ளைகள் பெரிதாய்ச் சொல்லுவார்கள். அதை அலட்சியம் செய்யவேண்டியதில்லை. எந்த வினாடியில் சனங்கள் விட்டுப்போனார்கள் என்று காட்டும் கோட்டுப்படம் ஆக்கியவருக்குக் கிடைக்கும், அது பயனுள்ளது. ஆனால் ஏன் போனார்கள் என்று அந்தக் கோடு சொல்லாது. பிடிக்கவில்லை என்போரின் தொகையையும் 2021 நவம்பர் முதல் அந்நிறுவனம் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு தினச் செய்தியிலே பாப்பரசர் பிரான்சிஸ் உள்ளத்தின் செவியாற் கேட்பதைப்பற்றி எழுதினார். அந்தச் செவி எந்தக் கருவியிலும் பொருத்தப்பட்டு வருவதில்லை.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் படத்தை அதே மண்டபத்தில் மறுபடி போட்டார்கள். பழைய கட்டளை மூன்றும் அமுலில் இருந்தன. அந்தத் தாயும் வந்திருந்தார். முடிந்ததும் நெறிப்படுத்திய மாணவி கட்டளையை மீறி, அவரிடம் போய், "இப்ப சரியோ அம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளை" என்றார் அவர்.

இரண்டாந்தரம் ஓடி முடிந்தபோது, ஆர்மோனியத்தைக் குறை சொன்ன முதியவர் எழுந்தார். "இப்ப சொல் விளங்குது. ஆனா உது முடியேல்லையே, மனுசி எங்க போறா?" என்று கேட்டார். மாணவர் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.